இஇஜி-யில் பி300 வரவில்லை, எஃப்-இசட்டில் மட்டும் ஒரு பள்ளம்: எஃப்எம்ஆர்ஐ-க்கு மாறுவதா?

புறணிப்பித்தன் (கேள்வி)

வணக்கம். தலைத்தோலில் எலக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின் அலையைப் பதியும் இஇஜி-யில், ஒலியை வைத்து ஆட்பால் சோதனை செய்கிறேன். ஒரே மாதிரி ஒலி வரிசையாக வரும், நடுநடுவே வேறு சுருதியில் ஒன்று வரும். கேட்பவர் அந்த வேறு ஒலியை மட்டும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வர வேண்டும். இலக்கு ஒலி வந்து 300 மில்லிவிநாடி கழித்து தலையின் பின்பாதியில் பெரிய நேர்மின் அலை எழ வேண்டும், அதற்குப் பெயர்தான் பி300. எழவில்லை.

அமைப்பு: 32 எலக்ட்ரோடு ஜெல் தொப்பி, விநாடிக்கு 500 சாம்பிள், ரெஃபரன்ஸ் (மற்றவற்றை ஒப்பிட்டு அளக்கும் எலக்ட்ரோடு) உச்சந்தலையிலுள்ள சீ-இசட். சாதாரண ஒலி 1000 ஹெர்ட்ஸ், இலக்கு 1500 ஹெர்ட்ஸ். மொத்தம் 150 ஒலி, அதில் இலக்கு 30. ஒலிக்கும் ஒலிக்கும் இடையே சரியாக 1 விநாடி. 1 முதல் 30 ஹெர்ட்ஸ் ஃபில்டர். 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய ட்ரையல்களை (ஒவ்வோர் ஒலிக்கும் உரிய பதிவுத் துண்டு) தூக்கிவிட்டேன், இலக்கில் 20 சொச்சம்தான் மிஞ்சுகிறது.

பின்பாதியிலுள்ள பீ-இசட்டில் 2 மைக்ரோவோல்ட்கூட இல்லை. முன்பக்கத்து எஃப்-இசட்டில் மட்டும் தெளிவாக ஒரு எதிர்மின் பள்ளம், சுமார் 4 மைக்ரோவோல்ட். கேள்விகள் மூன்று. பி300 எங்கே போனது? எஃப்-இசட் பள்ளத்தை வைத்து "முன்மடல் செயல்பாடு குறைகிறது" என்று எழுதலாமா? இதற்கு, மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தை ஸ்கேனரில் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐதான் சரியான கருவியா?

மைக்ரோவோல்ட்

முதல் இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்: ரெஃபரன்ஸ்.

எந்த எலக்ட்ரோடும் தனித்து எதையும் அளப்பதில்லை, இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. உங்கள் கோப்பில் பீ-இசட் என்று இருப்பது பீ-இசட் கழித்தல் சீ-இசட். பி300 உச்சம் பெறுவது பீ-இசட்டில் என்றாலும் சீ-இசட்டிலும் அது கொழுத்த அலைதான். உதாரணத்துக்கு உண்மையான அலை பீ-இசட்டில் 10, சீ-இசட்டில் 8, எஃப்-இசட்டில் 4 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீ-இசட்டைக் கழித்தால் பீ-இசட்டில் மிச்சம் 2. எஃப்-இசட்டில் மைனஸ் 4. நீங்கள் பார்த்த பள்ளம் அதுதான். முன்மடலில் எதுவும் குறையவில்லை; நீங்கள் தேடிக்கொண்டிருந்த பி300-யே தலைகீழாகத் தொங்குகிறது.

மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை, இது வெறும் கூட்டல் கழித்தல். எல்லா சாம்பிளிலும் 0 உள்ள ஒரு புதுச் சேனலைச் சேர்த்து அதற்கு சீ-இசட் என்று பெயர் வையுங்கள். பிறகு காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு எலும்பை ஒட்டிய டிபி9, டிபி10 இரண்டின் சராசரியை எல்லாச் சேனலிலிருந்தும் கழியுங்கள். வரிசை மாறக் கூடாது. கழித்த பிறகு சீ-இசட்டைச் சேர்த்தால் அது பூஜ்ஜியமாகவே கிடக்கும். மொத்தச் சேனல்களின் சராசரியை ரெஃபரன்ஸாக எடுப்பதும் வழக்கம்தான். ஆனால் 32 எலக்ட்ரோடு தொப்பி தலையின் அடிப்பாகத்தைத் தொடுவதே இல்லை என்பதால் அந்தச் சராசரி ஒருபக்கம் சாயும். ஒரு கெட்ட சேனலை எடுக்க மறந்தால் அதன் இரைச்சல் மற்ற 31-க்கும் பங்குபோட்டுப் போய்ச் சேரும்.

அடுத்தது ஃபில்டர். பி300 மெதுவான அலை. அது ஏறி இறங்க 300 மில்லிவிநாடிக்கு மேல் எடுக்கும், அதன் ஆற்றலில் பெரும்பகுதி 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே. 1 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள மெதுவான அலைகளை வெட்டும் ஃபில்டர்) அதன் உயரத்தை வெட்டுவதோடு நிற்பதில்லை. அலைக்கு முன்னும் பின்னும் எதிர்த்திசையில் பொய்ப் பள்ளங்களைத் தோண்டி வைக்கும். அதற்கு ஒரு பெயரிட்டுக் கட்டுரை எழுதிவிடுகிற ஆபத்து நிஜமானது. 0.1 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஐசிஏ-வுக்கு (கலந்துகிடக்கும் சிக்னலைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் கணக்கு) 1 ஹெர்ட்ஸ்தான் நல்லது என்று படித்திருப்பீர்கள், அதுவும் சரி. தரவின் ஒரு நகலை 1 ஹெர்ட்ஸில் ஃபில்டர் செய்து ஐசிஏ ஓட்டுங்கள், கிடைத்த எடைகளை மட்டும் 0.1 ஹெர்ட்ஸ் தரவுக்குக் கொண்டுவாருங்கள். ஃபில்டரைத் தொடர்ச்சியான பதிவில் போட வேண்டும். ட்ரையல்களாக வெட்டிய பிறகு போட்டால் ஒவ்வொரு துண்டின் ஓரமும் கோணலாகும்.

கண் சிமிட்டல் நெற்றியிலுள்ள எஃப்பி1, எஃப்பி2-வில் 100 மைக்ரோவோல்ட்டைச் சாதாரணமாகத் தாண்டும். 30 ட்ரையலில் 10 போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். முதலில் ஐசிஏ-வில் சிமிட்டல் கூறை எடுங்கள். வரம்பு வைத்துத் தூக்குவது அதற்குப் பிறகு. ஒன்று அல்லது இரண்டு கூறுகள் போதும். சந்தேகம் வந்ததையெல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு எடுப்பவர்கள் மூளையையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். ஐசிஏ-வுக்குத் தரவு எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: சேனல் எண்ணிக்கையின் வர்க்கத்தை 30-ஆல் பெருக்குங்கள். 32 சேனலுக்கு 30,720 சாம்பிள், உங்கள் வேகத்தில் சுமார் 61 விநாடி. உங்கள் பதிவு மொத்தமே இரண்டரை நிமிடம். கணக்குப்படி தேறும், ஆனாலும் ஒட்டுத்தேர்ச்சிதான்.

ட்ரையல் எண்ணிக்கையும் பற்றாது. சராசரி எடுக்கும்போது இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத்தான் குறையும். ஒரு ட்ரையலில் பின்னணி 15 மைக்ரோவோல்ட் என்றால் 20 ட்ரையலில் 3.4, 40-இல் 2.4, 80-இல் 1.7. இலக்கு 60 வைத்தால் இடைவேளையோடு சேர்த்து ஏழெட்டு நிமிடத்தில் முடியும். அதற்கு மேல் இழுத்தால் கேட்பவருக்குத் தூக்கம் வரும், ஆல்ஃபா அலை (விநாடிக்கு 8 முதல் 13) பொங்கும், சேர்த்த ட்ரையலின் பலன் கரைந்துபோகும்.

அந்தச் சரியான 1 விநாடி இடைவெளிதான் இதில் எல்லோரும் கோட்டை விடும் இடம். மின்கம்பியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் 1 விநாடிக்குள் முழு எண்ணிக்கையில் அடங்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு ட்ரையலும் மின்இரைச்சலின் ஒரே கட்டத்தில் தொடங்கும், எத்தனை ட்ரையல் சேர்த்தாலும் அது அழியாது. 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் லோபாஸ் அதைக் கண்ணுக்கு மறைக்கிறது, அவ்வளவுதான். தவிர, அடுத்த ஒலி எப்போது என்று மூளைக்குத் தெரிந்துவிட்டால் எதிர்பார்ப்பின் மெதுவான அலை, ஒலிக்கு முந்தைய அடிநிலையான பேஸ்லைனுக்குள்ளேயே ஏறி உட்காரும். இடைவெளியை 900 முதல் 1300 மில்லிவிநாடிக்குள் சீட்டுக்குலுக்கிப் போடுங்கள். இரண்டு இலக்குகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு சாதாரண ஒலி இருக்கட்டும்.

எஃப்-இசட் பற்றி இன்னொன்று. ரெஃபரன்ஸைச் சரிசெய்த பிறகும் எஃப்-இசட்டில் அலை தெரிந்தால் அது முன்மடலிலிருந்து வருகிறது என்று பொருளல்ல. ஒலிக்கு 100 மில்லிவிநாடியில் வரும் என்1 அலையைப் பாருங்கள். அது பெரிதாகத் தெரிவது எஃப்-இசட், சீ-இசட்டில். அதை உண்டாக்கும் திசு இருப்பதோ பக்கவாட்டுப் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும் செவிப்புறணியில். அங்கே பிரமிடு நியூரான்கள் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்பதால் மின்புலம் நடுத்தலையை நோக்கி எறிகிறது. டார்ச் விளக்கு சுவரில் போடும் வட்டத்தைப் பார்த்து விளக்கே சுவரில் இருக்கிறது என்று சொல்வதுபோல் ஆகிவிடும். தோலில் தெரியும் ஒரே மின்வடிவத்தை உள்ளே எண்ணற்ற மூல அமைப்புகள் உண்டாக்க முடியும் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே காட்டிவிட்டார். மென்பொருள் வண்ணப்படம் போட்டுத் தந்தாலும் அந்தக் கணிதம் மாறுவதில்லை.

ஜெல்சிரிஞ்சு

மேலே சொன்னது எல்லாம் சரி. பதிவின்போதே பார்க்க வேண்டியவை சில.

தொப்பி போட்டதும் கண்ணை மூடி ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். பின்தலையில் ஓ1, ஓ2-வில் விநாடிக்கு 8 முதல் 13 அலை எழ வேண்டும், கண் திறந்ததும் அடங்க வேண்டும். ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட முதல் மனித இஇஜி கட்டுரையிலிருந்து இன்றுவரை இதைவிட மலிவான பரிசோதனை இல்லை. சிலருக்கு இயல்பாகவே ஆல்ஃபா குறைவு. ஆனால் அடுத்தடுத்து மூன்று பேருக்கு வரவில்லையென்றால் கோளாறு தொப்பியில்.

ஜெல்லை ஊற்றக் கூடாது, வைக்க வேண்டும். முனை மழுங்கிய ஊசியால் முடியை விலக்கி, தோலை இரண்டு மூன்று சுற்று தேய்த்து, பிறகு அடியிலிருந்து மேலாக ஜெல்லை நிரப்பி ஊசியை வெளியே எடுங்கள். அதிகமானால் பக்கத்து எலக்ட்ரோடின் ஜெல்லோடு போய்ச் சேர்ந்து பாலம் கட்டிவிடும். அப்போது இரண்டும் ஒரே எலக்ட்ரோடு மாதிரி நடக்கும், தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடையைக் காட்டும் இம்பீடன்ஸ் எண்ணோ பிரமாதமாக இருக்கும். பாலம் இருக்கிறதா என்று அறிய இரண்டு சேனலைக் கழித்துப் பாருங்கள். கோடு சமதளமாகக் கிடந்தால் பாலம்தான்.

இம்பீடன்ஸை 5 கிலோஓமுக்குக் கீழே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று தோலைச் சுரண்டாதீர்கள். அது பழைய ஆம்ப்ளிஃபயர் காலத்து விதி. இன்றைய கருவிகளுக்கு 20 வரை பிரச்சினையில்லை. எல்லா எலக்ட்ரோடும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதும், கிரவுண்டும் ரெஃபரன்ஸும் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக ஒட்டியிருப்பதும்தான் மின்கம்பி இரைச்சலைத் தீர்மானிக்கும்.

மைக்ரோவோல்ட்

@ஜெல்சிரிஞ்சு, 20 கிலோஓம் விஷயத்தில் பாதி உடன்படுகிறேன். மின்கம்பி இரைச்சலுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் இவர் தேடுவது மெதுவான அலை, இப்போது 0.1 ஹெர்ட்ஸ் வரை திறந்துவிடப் போகிறார். இம்பீடன்ஸ் அதிகமாக இருக்கும்போது வியர்வையால் எழும் தோல் மின்னழுத்தம் அந்தக் கீழ் அலைவரிசையில்தான் நுழையும், அறை சூடாக இருந்தால் இன்னும் மோசம். பி300-க்கு பீ-இசட், சீ-இசட், இரண்டு மாஸ்டாய்டு ஆகிய நான்கை மட்டுமாவது 10-க்குக் கீழே கொண்டுவருவது வீண் வேலையல்ல. அறையைக் குளுமையாக வையுங்கள்.

புறணிப்பித்தன்

மிக்க நன்றி. சீ-இசட்டைச் சேர்த்து மாஸ்டாய்டுக்கு மாற்றினேன், 0.1 ஹெர்ட்ஸில் ஃபில்டர் செய்தேன். பீ-இசட்டில் 7 மைக்ரோவோல்ட் அலை வந்துவிட்டது! ஆனால் உச்சம் 540 மில்லிவிநாடியில் இருக்கிறது. சாதாரண ஒலிக்கான என்1-ஐயும் பார்த்தேன். 100-இல் வர வேண்டியது 260-ஐச் சுற்றிச் சப்பையாகப் பரந்து கிடக்கிறது. 120 ட்ரையல் இருந்தும் இப்படி. கேட்பவர்கள் எல்லோருமே இளைஞர்கள், இவ்வளவு தாமதம் வரக் கூடாதல்லவா?

மைக்ரோவோல்ட்

மூளை தாமதிக்கவில்லை, ஒலிதான் தாமதமாகப் போகிறது. என்1-உம் பி300-உம் (பெயரில் 300 என்றாலும் அதன் உச்சம் 380 வரை போகும்) ஏறக்குறைய ஒரே 160 மில்லிவிநாடி தள்ளிப்போயிருப்பது அதைத்தான் சொல்கிறது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் பயன்படுத்துகிறீர்களா? அதில் 100 முதல் 300 மில்லிவிநாடி வரை தாமதம் சகஜம்.

தாமதம் மாறாமல் இருந்தால் பிரச்சினை சிறிது, எல்லா நேரத்திலிருந்தும் அதைக் கழித்துவிடலாம். உங்களுக்கு என்1 சப்பையாகப் பரந்திருப்பதால் அது ட்ரையலுக்கு ட்ரையல் மாறுகிறது. குறுகிய அலைகள் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து அழிகின்றன. பி300 அகலமானது, 30 மில்லிவிநாடி முன்பின் ஆடினாலும் தாக்குப்பிடிக்கும். என்1 தாங்காது. பி300 மட்டும் பார்க்கிற சோதனையிலும் என்1-ஐ எப்போதும் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். நேரக் கோளாறை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

கம்பியுள்ள ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். மாறியதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரும் தன் பங்குக்கு ஆடும். ஒலி வெளியீட்டில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு, ஒரு கிளையை ஆம்ப்ளிஃபயரின் துணை உள்ளீட்டில் செருகுங்கள். அதன் மின்னழுத்த வரம்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், எலக்ட்ரோடு உள்ளீட்டில் மட்டும் நேராகச் செருகவே கூடாது. 200 ஒலி ஓடவிட்டு, ட்ரிகருக்கும் (ஒலியை அனுப்பும்போது கணினி பதிவில் போடும் குறி) ஒலியின் உண்மையான தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொன்றாக எடுத்து ஹிஸ்டோகிராம் போடுங்கள். விநாடிக்கு 500 சாம்பிளில் 2 மில்லிவிநாடிக்குக் கீழே தெரியாது. ஒரே ஒல்லித் தூணாக வந்தால் நல்லது. அகலமாகவோ இரண்டு தூணாகவோ வந்தால் பஃபரைக் குறைக்க வேண்டும், அல்லது ஒலியிலேயே ஒரு சேனலைக் குறியாக வைத்து அதையே ட்ரிகராகப் பதிவுசெய்ய வேண்டும். திரையில் படம் காட்டும் சோதனைக்கு இதே வேலையை ஃபோட்டோடயோடு செய்யும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் தவறினால் 16.7 மில்லிவிநாடி போச்சு.

மூன்று_டெஸ்லா

மூன்றாவது கேள்வி இன்னும் தொடப்படாமல் இருக்கிறது. எஃப்எம்ஆர்ஐ-க்கு மாறினால் "எங்கே" என்பதில் கொஞ்சம் லாபம், "எப்போது" என்பதில் மொத்த நஷ்டம்.

அது நியூரானின் மின்சாரத்தை அளப்பதே இல்லை. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தை லேசாகக் கலைக்கும். இது பாலிங்கும் கொரியெலும் 1936-இல் கண்டது. ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே தேவைக்கு மேல் ரத்தம் பாய்கிறது, ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் பங்கு குறைகிறது, அதனால் சிக்னல் ஏறுகிறது. செய்ஜி ஒகாவா 1990-இல் எலியில் காட்டிய இந்த போல்ட் விளைவு 1992-இல் மனிதருக்கு வந்தது. சிக்கல் என்னவென்றால் ரத்தம் நிதானமானது. தூண்டல் வந்து 5, 6 விநாடி கழித்துத்தான் உச்சம், பழைய நிலைக்குத் திரும்ப 20 விநாடிக்கு மேல். ஏற்றம் 1 சதவீதம் வந்தால் சந்தோஷப்பட வேண்டும். 3 மில்லிமீட்டர் வாக்ஸெல் (படத்தின் ஒரு கனசதுரப் புள்ளி) என்றால் 27 கன மில்லிமீட்டர், அதற்குள் பல லட்சம் நியூரான். அவை தூண்டுகின்றனவா தடுக்கின்றனவா என்பதும் அந்த ஒற்றை எண்ணில் தெரியாது.

உங்கள் சோதனைக்கென்றே ஒரு தலைவலி உண்டு: ஸ்கேனரின் சத்தம். காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் கிரேடியன்ட் சுருள்கள் 100 டெசிபலைத் தாண்டி அடிக்கும். காது அடைப்பான் கட்டாயம், அதற்குள் உங்கள் ஒலி மெலிந்து போகும். போதாக்குறைக்கு அந்தச் சத்தமே செவிப்புறணியை நிரப்பிவிடும். இதற்கு வழி, ரத்தத்தின் நிதானத்தையே சாதகமாக்குவது. 2 விநாடி படம் எடுத்து, 8 விநாடி ஸ்கேனரை மௌனமாக வைத்து, அந்த மௌனத்தில் ஒலிகளை ஓட்டுங்கள். இலக்கு ஒலியை அடுத்த படத்துக்கு 4 முதல் 6 விநாடி முன்னால் வையுங்கள், படம் சரியாக உச்சத்தைப் பிடிக்கும். இலக்குள்ள படம் 40, இல்லாத படம் 40, ஆக 80 படம், 800 விநாடி, பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். வழக்கமான 2 விநாடி டிஆர் (படத்துக்குப் படம் உள்ள இடைவெளி) ஓட்டத்தில் இதே நேரத்துக்கு 400 படம் கிடைத்திருக்கும். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்கிறீர்கள்.

அமைப்பு எண்கள்: 3 டெஸ்லா காந்தத்தில் டிஇ (ரேடியோத் துடிப்புக்கும் சிக்னலைப் படிப்பதற்கும் உள்ள நேரம்) சுமார் 30 மில்லிவிநாடி. தொடர்ச்சியாக எடுக்கும் ஓட்டமானால் முதல் நான்கைந்து படங்களைத் தூக்கிவிடுங்கள், காந்தமாக்கம் நிலைப்பட அவ்வளவு ஆகும். கண்குழிக்கு மேலும் காதுக்குழாய் பக்கமும் காற்றும் திசுவும் சந்திக்கும் இடங்களில் சிக்னல் ஓட்டையாகவே விழும். கண்குழி மேற்புறணியில் "செயல்பாடு இல்லை" என்று எழுதும் முன் அங்கே சிக்னல் இருந்ததா என்று கச்சாப் படத்தைத் திறந்து பாருங்கள். படம் கோணுவதைச் சரிசெய்ய எதிர்த்திசையில் குறியிட்ட சில படங்களை அதே அமர்வில் எடுத்துக்கொள்ளுங்கள்; அரை நிமிட வேலை, பிறகு எடுக்க முடியாது.

தலை அசைவுதான் இந்த முறையின் பரம எதிரி. படத்துக்குப் படம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே 1 சதவீத சிக்னலைவிடப் பெரிய மாற்றம் வரும். தலையின் இருபுறமும் பஞ்சு அடையுங்கள். பட்டன் அழுத்தச் சொன்னால் அழுத்தும்போதெல்லாம் தலையும் துளி நகரும், அது இலக்கு ஒலியோடு சேர்ந்தே வரும் என்பதால் புள்ளியியலால் பிரிக்க முடியாது. மனதுக்குள் எண்ணச் சொல்லும் உங்கள் ஏற்பாடு இந்த இடத்தில் நல்லது.

கடைசியில் புள்ளியியல். ஒரு லட்சம் வாக்ஸெலை 0.05 வரம்பில் சோதித்தால் ஒன்றுமே நடக்காதபோதும் 5,000 வாக்ஸெல் ஒளிரும். 2009-இல் ஒரு குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து மனிதர்களின் படங்களைக் "காட்டியது". இத்தனை வாக்ஸெலைச் சோதிப்பதற்கான திருத்தம் செய்யாத வரம்பில் மீனின் மூளை "வேலை செய்தது". திருத்தம் போட்டதும் அடங்கியது. ஒட்டியிருக்கும் வாக்ஸெல்களின் கொத்து அடிப்படையில் சோதிப்பதானால் கொத்தைத் தொடங்கும் வரம்பை 0.001 வையுங்கள். 0.01-இல் பொய்க் கண்டுபிடிப்பு எவ்வளவு எகிறும் என்று எக்லுண்ட் குழு 2016-இல் காட்டியாகிவிட்டது.

இஇஜி-யையும் எஃப்எம்ஆர்ஐ-யையும் ஒரே நேரத்தில் எடுக்கும் ஆசை அடுத்து வரும். கிரேடியன்ட் தூண்டும் மின்னழுத்தம் மூளை அலையைவிட நூறு மடங்குக்கு மேல், அதற்கு மேல் ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் எலக்ட்ரோடு காந்தப்புலத்தில் ஆடும். ட்ரையலுக்கு ட்ரையல் இரண்டையும் ஒப்பிடுவதே கேள்வியாக இருந்தாலொழிய, தனித்தனி நாளில் எடுங்கள்.

எட்டுச்சுருள்

எஃப்எம்ஆர்ஐ "எங்கே" என்று சொல்லும் என்கிறார்கள். அதுகூட "எங்கே ரத்தம் கூடியது" என்பதுதான். அந்த இடம் இல்லாவிட்டால் பி300 வராதா என்பது வேறு கேள்வி, இரண்டையும் குழப்புவதுதான் இந்தத் துறையின் நாள்பட்ட வியாதி.

பி300-யே நல்ல உதாரணம். வலிப்பு நோயாளிகளின் மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்துப் பதிவுசெய்தபோது இலக்கு ஒலிக்கு மூளையின் ஆழத்திலுள்ள ஹிப்போகேம்பஸில் பிரம்மாண்டமான அலை தெரிந்தது. அதுதான் மூலம் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் ஒருபக்க ஹிப்போகேம்பஸை அகற்றியவர்களுக்கும் தலைத்தோலில் பி300 வந்துகொண்டே இருந்தது. மாறாக, பொட்டுமடலும் உச்சிமடலும் சந்திக்கும் பகுதியில் காயம் உள்ளவர்களுக்குச் செவிவழி பி300 வெகுவாகக் குறைந்ததை ராபர்ட் நைட் குழு 1989-இல் காட்டியது. பெரிதாக அலை எழுந்த இடம் இல்லாமலும் தோலில் பி300 வந்தது, அந்தச் சந்திப்பு கெட்டபோதுதான் குறைந்தது.

ஆரோக்கியமான ஆளிடம் இதைச் சோதிக்க, தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டிஎம்எஸ் உண்டு. 1985-இல் ஆண்டனி பார்க்கர் குழு கொண்டுவந்தது. எட்டு வடிவச் சுருளில் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான துடிப்பு, சுருள் முகத்தில் 2 டெஸ்லா அளவு, புறணியில் மின்னோட்டம் தூண்டும். வலிமையை ஆளுக்கு ஆள் அமைக்க வேண்டும். இயக்கப்புறணியில் சுருளை வைத்து, பத்துத் துடிப்பில் ஐந்துக்காவது கைத்தசையில் 50 மைக்ரோவோல்ட் எழும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள், அதுதான் அவருடைய வாசல் அளவு. எட்டும் ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஹிப்போகேம்பஸ் பக்கம் போகவே முடியாது, சந்திப்புப் பகுதி எட்டும். வலிப்பு வரலாறு, தலையில் உலோகம், காக்ளியர் இம்ப்ளான்ட் இருந்தால் அந்த ஆளைச் சேர்க்கவே கூடாது. மருத்துவ மேற்பார்வையும் நெறிக்குழு அனுமதியும் இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம்.

செவிவழிச் சோதனையில் இதற்கும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு துடிப்பும் 'டக்' என்று சத்தமிடும், சுருள் தலையில் தட்டவும் செய்யும். அந்த 'டக்' ஓர் ஒலி, தன் பங்குக்கு என்1-ஐயும், எதிர்பாராமல் வந்தால் பி300 போன்ற அலையையும் எழுப்பும். காது அடைப்பான் மட்டும் போதாது, சத்தம் எலும்பு வழியாகவும் போகிறது. ஆகவே துடிப்புகளை ஒலி வரிசைக்கு முன்பே கொடுத்து முடித்துவிட்டு, அதன் பின்விளைவு நீடிக்கும் சில நிமிடத்துக்குள் ஆட்பாலை ஓட்டுவதுதான் நடைமுறை. ஒப்பீட்டுக்குச் சுருளை வேறு இடத்தில் வைத்து அதே சத்தத்தோடு இன்னொரு நாள்.

யாராவது கட்டமைப்புப் படத்தையும் கேட்பார்கள். 1 மில்லிமீட்டர் டி1 எம்ஆர்ஐ படம் ஒன்று, சுமார் ஐந்து நிமிடம், சுருளை எங்கே வைப்பது என்று குறிக்க அவசியம் எடுங்கள். அதிலிருந்து புறணித் தடிமனும் கணக்கிடலாம் என்று மென்பொருள் ஆசைகாட்டும். புறணியே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர்தான், ஆள் லேசாக அசைந்தால் அது மெலிந்ததாக அளவு வரும். நரம்பிழைப் பாதை காட்டும் டிஃப்யூஷன் படமும் அப்படித்தான். கோடுகள் அழகு. ஆனால் 2 மில்லிமீட்டர் வாக்ஸெலில் குறுக்கே வெட்டிப் போகும் இழைகள் கலந்துவிடும். கோடுகளின் எண்ணிக்கை ஆக்ஸான்களின் எண்ணிக்கை அல்ல.

புறணிப்பித்தன்

ஆமாம், ப்ளூடூத்தான். கம்பி ஹெட்ஃபோன் போட்டு ஸ்ப்ளிட்டரில் அளந்தேன். தாமதம் 22 முதல் 34 மில்லிவிநாடி வரை, ஹிஸ்டோகிராமில் இரண்டு தூண். பஃபரை 1024-லிருந்து 256 சாம்பிளாகக் குறைத்ததும் ஒரே தூண், 8 மில்லிவிநாடி. எஃப்எம்ஆர்ஐ எண்ணத்தை இப்போதைக்குக் கைவிடுகிறேன், என் கேள்வி நேரத்தைப் பற்றியதுதான். பழைய பதிவுகளை அந்த 160 மில்லிவிநாடி கழித்துப் பயன்படுத்தலாமா?

மைக்ரோவோல்ட்

வேண்டாம். சராசரித் தாமதத்தைக் கழிக்கலாம், ஆட்டத்தைக் கழிக்க முடியாது, அந்த ஆட்டம் ஆளுக்கு ஆள் எவ்வளவு என்றும் இனி அளக்க வழியில்லை. என்1 உயரத்தை ஒப்பிடவே முடியாது. பி300 உயரமும் ஆட்டம் அதிகமான ஆளுக்குக் குறைவாகத் தெரியும், அதைக் கவனக்குறைவு என்று படித்துவிடுவீர்கள். புதுப் பதிவில் 8 மில்லிவிநாடியை ட்ரிகரில் கழித்துவிடுங்கள், இரண்டு பேரை மட்டும் எடுத்து என்1-ஐப் பாருங்கள். 90-க்கும் 120-க்கும் நடுவில் கூராக நின்றால் மீதிப் பேரைக் கூப்பிடுங்கள்.

ஜெல்சிரிஞ்சு

ஒன்று மட்டும். ஒலி டிரைவர் அப்டேட் ஆனால் பஃபர் அளவு சத்தமில்லாமல் பழையபடி 1024-க்குப் போகும். அந்த ஸ்ப்ளிட்டரைக் கழற்றாமல் எல்லாப் பதிவிலும் விட்டுவையுங்கள், துணைச் சேனல் ஒன்று கூடுதலாகப் பதிவாவதால் கோப்பு பெரிதாகிவிடாது.